சேர் பொன்னம்பலம் அருணாசலம்: அரசியல் திட்டத் திருத்தத்திற்கு வாதாடிய பெரியார்

ஒரு நாட்டின் அரசியல் திட்டம் அந்நாட்டு மக்கள் வாழும் வீட்டை ஒத்தது. பிள்ளைகள் பெருகிய பின்னரும் பாட்டன் கட்டிய சிறு குடிலிலே அடங்கி இருங்கள் என்றால் எவரும் பொறார். வீட்டைப் பெருப்பிக்க வேண்டும் என்று முதலிற் கூறுபவனுக்கோ எக்காலத்தும் ஏச்சும் பேச்சுமே பரிசு. இலங்கையிலே அவ்வாறு முன்வந்து உரைத்த பெரியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவர். அவர் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். எனினும் அவர் எதற்காக வாதாடினார், அவ்வாதத்தின் முடிவு யாதாயிற்று என்பவற்றை முறையாக அறிந்தோர் சிலரே. ஆகலின், அவற்றை இம்மலரிலே சுருக்கி உரைத்தல் பயனுடைத்தாகும்.

குலமும் கல்வியும்

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட வாசல் முதலியார் அருணாசலம் பொன்னம்பலம் அவர்களுக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மூன்றாம் புதல்வராக, 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி, கொழும்பு மாநகரிலே அருணாசலம் தோன்றினார். பொன்னம்பலம் குமாரசுவாமியும் பொன்னம்பலம் இராமநாதனும் அவர்தம் தமையன்மார். சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாய் விளங்கிய சேர் முத்துக்குமாரசுவாமி அவர்க்குத் தாய்மாமன். தமையன்மார் இருவரும் பின்னர் அச்சபையிலே அமர்ந்தனர். எனவே, அரசியற் பேச்சுக்கள் அவர் செவிக்குப் பால பருவத்திலேயே பழக்கமாயிருந்தன எனலாம்.

பின்னாளிலே றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிலே கற்றுப் புலமைப் பரிசில் பெற்று, இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிலே சேர்ந்தார். அங்கே கற்ற காலத்திலேயே நியாயவாதி ஆவதற்கு வேண்டிய சட்டக் கல்வியையும் முடித்தார். 1875ஆம் ஆண்டிலே இலங்கைச் சிவில் சேவைக்கான பகிரங்கப் பரீட்சையிலே தேறி, அப்பரீட்சை வாயிலாக அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் புகழைப் பெற்றார். வெள்ளையர்க்கே உரியதென எண்ணப்பட்ட கதவம் அன்று திறந்தது.

உத்தியோக வாழ்வு

நாட்டின் பல பாகங்களிலே நீதிபதியாகக் கடமை புரிந்த அருணாசலத்தை 1887ஆம் ஆண்டிலே தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் பதிவாளர் நாயகம் ஆக்கினார். தம்மின் மூத்த உத்தியோகத்தரைக் கடந்து அவர் உயர்த்தப்பட்டமை பலர்க்கு மனக்கசப்பை விளைத்தது. ஆயின், அவர் செய்த வேலையே அக்கசப்புக்கு மறுமொழி கூறிற்று. காணி உறுதிகளும் பிறப்பு இறப்பு விவாகப் பதிவுகளும் ஒழுங்கின்றிக் கிடந்த அக்கந்தோரை அவர் சீர்ப்படுத்தினார். காணி உறுதியிலே வஞ்சம் புகுந்தால் ஏழைக் குடியானவனே முதலில் அழிவான் என்பதை நீதிமன்றத்திலே கண்கூடாகக் கண்டவர் அவர்.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும் அவர் மேற்பார்வையிலேயே நடந்தது. அவ்வாண்டிலே இலங்கையின் சனத்தொகை 35,65,954 எனக் கணக்கிடப்பட்டது. அம்மதிப்புக்கு அவர் எழுதிய அறிக்கை வெறும் எண்களின் அட்டவணையன்று. நாட்டின் சரித்திரம், சமயங்கள், சாதிகள், மொழிகள், வழக்கங்கள் யாவும் அதனுள் விரித்துரைக்கப்பட்டன. ஊர் ஊராக மக்களை எண்ணியவர், அம்மக்களுக்கு அரசாங்கத்திலே குரல் ஏதும் இல்லை என்பதையும் கண்டார். பிற்காலத்து அருணாசலத்தை அறிய விரும்புவோர் இவ்வறிக்கையிலிருந்தே தொடங்குதல் தகும்.

1912ஆம் ஆண்டிலே நிர்வாக சபை அங்கத்தவராக நியமிக்கப்பட்டு, 1913ஆம் ஆண்டிலே இளைப்பாறினார். அவ்வாண்டிலேயே சேர் பட்டமும் பெற்றார். வயது அறுபது. ஏனையோர் சாய்மனைக் கதிரையைத் தேடும் பருவத்திலே, அவர் பொது வாழ்வு என்னும் போர்க்களத்தைத் தேடிச் சென்றார்.

பழைய அரசியல் திட்டம்

அவர் திருத்த முயன்ற திட்டம் எத்தகையது என்பதை மாணவர்கள் தெளிவாக உணர்தல் வேண்டும். கோல்புறூக், கமறன் என்போரின் விதப்புரைகளின்படி 1833ஆம் ஆண்டிலே நிர்வாக சபை, சட்டநிரூபண சபை என இரு சபைகள் அமைந்தன. சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றோர் அறுவர். அவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோர்க்கு ஒவ்வொருவர். யாவரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவரே. 1889ஆம் ஆண்டிலே கண்டிச் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் ஆசனம் சேர்ந்தது.

1910ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரும் உத்தியோகத்தர் பதினொருவர், மற்றையோர் பதின்மர் என்றே சபை இருந்தது. அப்பதின்மருள் நால்வரே தெரிவுசெய்யப்பட்டோர். அந்நால்வருள்ளும் இருவர் ஐரோப்பியர், ஒருவர் பறங்கியர். எஞ்சிய ஓர் ஆசனம் மாத்திரம் படித்த இலங்கையருக்கு என விடப்பட்டது. முழு நாட்டுக்கும் ஒரே ஆசனம். அதற்கு வாக்களிக்கும் உரிமை பெற்றோரோ ஏறத்தாழ மூவாயிரம் பேர். 1911ஆம் ஆண்டு நிகழ்ந்த அத்தேர்தலிலே தமையனார் இராமநாதன் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார். தமிழர் ஒருவரைச் சிங்கள வாக்காளரும் கூடித் தெரிந்தனுப்பினர் என்பது இன்றும் நினைவுகூரத்தக்கது.

ஆயினும், சபைக்குச் சென்றவர் செய்யக்கூடியது யாது? உத்தியோக அங்கத்தவர் அரசாங்கத்தின் பக்கமே கை உயர்த்தக் கடமைப்பட்டவர். அவர் தொகையோ பெரிது. மற்றையோர் எத்துணைச் சிறப்பாகப் பேசினும் முடிவு முன்னரே முடிந்த முடிவாயிருக்கும். 1915ஆம் ஆண்டுக் கலகத்தின் போது இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டுச் சிங்களத் தலைவர் பலர் சிறையிடப்பட்டனர். இராமநாதன் அவர்களுக்காகச் சபையிலே முழங்கினார். இங்கிலாந்துக்கும் சென்று முறையிட்டார். மக்களுக்குப் பொறுப்புக் கூறாத ஆட்சி எத்துணைக் கொடியதாகலாம் என்பதை அவ்வாண்டு நிகழ்ச்சிகள் நாடறியக் காட்டின.

அருணாசலத்தின் வாதம்

1917ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 2ஆந் திகதி, இலங்கைத் தேசிய சங்கத்தின் வேண்டுகோளின்படி, நமது அரசியல் தேவைகள் என்னும் பொருள்பற்றி அருணாசலம் கொழும்பிலே சொற்பொழிவாற்றினார். நாற்பதாண்டு வரையில் அரசாங்கத்தின் உள்ளறைகளிலே வேலை பார்த்த ஒருவர், அவ்வரசாங்கம் திருந்த வேண்டிய வகையைச் சான்றுகாட்டி உரைத்தமை நாட்டையே விழிக்கச் செய்தது. வெளியிலே நின்று கல்லெறிபவர் என்று அவரை எவரும் புறக்கணிக்க முடியவில்லை.

அவர் வாதத்தின் அடிப்படை எளியது. வரி கொடுப்பவன் அவ்வரி செலவாகும் வழியைக் கேட்க உரிமையுடையவன். நல்லாட்சி எத்துணைச் சிறந்ததாயினும் அது தன்னாட்சிக்கு ஈடாகாது. பொறுப்பு ஒப்படைக்கப்படாத மக்கள் பொறுப்பைக் கற்றுக்கொள்ளவும் மாட்டார். இலங்கையர் இன்னும் தகுதி பெறவில்லை என்போர்க்கு, கிராம சபைகள் மூலம் ஊர்க் காரியங்களைத் தாமே நடத்திய பழம்பெருங்குடியினர் இவர் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அயலிலே இந்தியா 1909ஆம் ஆண்டிலே சீர்திருத்தம் பெற்று மேலும் முன்னேறிக்கொண்டிருக்க, கல்வியிலே பின்தங்காத இலங்கை மாத்திரம் பின்னிற்பது ஏன் எனவும் வினவினார்.

சொற்பொழிவோடு அவர் அமைந்திருக்கவில்லை. அவ்வாண்டிலேயே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் தோன்றிற்று. அவரே அதன் தலைவர். அக்காலத்திலே இலங்கையின் அரசியல் திட்டத்தை மாற்றும் அதிகாரம் இங்கே எச்சபைக்கும் இருக்கவில்லை. இலண்டனிலே குடியேற்றநாட்டு மந்திரி இசைந்தால், அரசர் தம் ஆலோசனைச் சபைக் கட்டளையால் அது மாறும். ஆகவே நாட்டினர் அனைவரும் ஒரே குரலாக வேண்டினாலன்றி, இக்கோரிக்கை ஒரு சிலரின் ஆசை எனத் தள்ளப்படும் என்பதை அவர் நன்குணர்ந்தார். 1917, 1918ஆம் ஆண்டுகளிலே சங்கங்கள் பலவற்றையும் கூட்டி மகாநாடுகள் நடத்தினார். அவற்றின் பயனாக 1919ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் உதயமாயிற்று. சிங்களவரும் தமிழரும் பிறரும் ஒரே மேடையில் அமர்ந்த அப்பெருஞ் சபைக்கு முதல் தலைவராக அருணாசலமே தெரிவுசெய்யப்பட்டார்.

காங்கிரஸ் கோரிய திட்டம் இது: சட்டநிரூபண சபையிலே ஏறத்தாழ 50 அங்கத்தவர் இருத்தல் வேண்டும். அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் பிரதேசத் தொகுதிகளிலிருந்து தெரிவுசெய்யப்படல் வேண்டும். ஆடவர்க்கு விரிந்த வாக்குரிமையும் மகளிர்க்கு ஓரளவு வாக்குரிமையும் அளிக்கப்படல் வேண்டும். சபை தன் தலைவரைத் தானே தெரிதல் வேண்டும். நிர்வாக சபையிலும் தெரிவுசெய்யப்பட்ட இலங்கையர் இடம்பெறல் வேண்டும். இக்காலத்து மாணவர்க்கு இவை சிறு கோரிக்கைகளாகத் தோன்றலாம். அக்காலத்து உத்தியோகத்தர்க்கு இவை ஏறத்தாழ அரசத் துரோகமாகவே தோன்றின.

வாக்குறுதியும் பிரிவும்

இனி, அவர் சரித்திரத்திலே துயர் மிகுந்த பகுதிக்கு வருகின்றோம். காங்கிரசிலே சேர்வதற்கு யாழ்ப்பாணச் சங்கத்தினர் முதலிலே தயங்கினர். பிரதேசவாரியாகவே ஆசனங்கள் வகுக்கப்படின் சிறுபான்மையோர் சபையிலே தம் இடத்தை இழப்பர் என்பது அவர் அச்சம். அவ்வச்சத்தைத் தீர்க்கும் பொருட்டு, மேல் மாகாணத்திலே தமிழர்க்கென ஓர் ஆசனம் அமைவதை ஆதரிப்போம் என்னும் எழுத்து மூலமான உறுதியை 1918ஆம் ஆண்டு டிசெம்பரிலே ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகிய சிங்களத் தலைவர்களிடமிருந்து அருணாசலம் பெற்றார். அவ்வுறுதியைத் தம் இனத்தவரிடம் காட்டி, தம் நற்பெயரையே பிணையாக வைத்து, அவர்களைக் காங்கிரசுக்கு அழைத்து வந்தார்.

1920ஆம் ஆண்டிலே புதிய திட்டம் வந்தது. சபையின் 37 அங்கத்தவருள் உத்தியோகத்தர் 14 பேரும் மற்றையோர் 23 பேரும் ஆயினர். உத்தியோகப்பற்றற்றோர் தொகை முதன்முதலாக மிகுந்தது. பிரதேசத் தொகுதிகள் பதினொன்றும் அமைந்தன. அருணாசலத்தின் வாதம் பாதி வென்றது என்றே சொல்லல் வேண்டும். மேல் மாகாணத் தமிழர் ஆசனமோ அதிலே இல்லை. அதனைப் பெற்றுத்தர முன்னிற்குமாறு அவர் கேட்டபோது, முன்னர்க் கொடுத்த உறுதி தனிப்பட்டோர் கொடுத்தது, காங்கிரசைக் கட்டாது எனக் கூறப்பட்டது. 1921ஆம் ஆண்டுத் தேர்தலிலே கொழும்பு நகரத் தொகுதிக்கு அபேட்சகராக நிற்கும் எண்ணம் அவர்க்கு இருந்தது. காங்கிரஸ் தலைவர்களோ ஜேம்ஸ் பீரிஸையே முன்னிறுத்தினர். அருணாசலம் ஒதுங்கிக் கொண்டார். தெரிவுசெய்யப்பட்ட சபை வேண்டும் என்று யாவரினும் உரக்க வாதாடியவர், அச்சபையிலே மக்கள் வாக்கினால் ஒருநாளேனும் அமரவில்லை.

ஆசனம் ஒன்றை இழந்தமைக்காகக் கோபித்துப் பிரிந்தார் என்று அவரைக் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர். இக்கூற்றை ஆராய்தல் தகும். காங்கிரசின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. இனவாரிப் பிரதிநிதித்துவம் மக்களைப் பிரித்துவைக்கும் கருவி என்றும், தேசாதிபதி மானிங் கண்டியரையும் சிறுபான்மையோரையும் காங்கிரசுக்கு எதிராகத் தூண்டிவருகிறார் என்றும் அவர்கள் அஞ்சினர். தேசாதிபதியைப் பற்றிய அச்சம் பொய்யன்று. ஆயினும், அருணாசலத்தைப் புண்படுத்தியது ஆசன இழப்பினும் மேலான ஒன்று. அவருடைய சொல்லை நம்பி வந்தோர் முன்னிலையிலே அச்சொல் பொய்த்தது. பழைய சபையிலே சிங்களவர்க்கும் தமிழர்க்கும் இடையே நிலவிய ஏறத்தாழச் சமநிலையும் புதிய சபையிலே குலைந்தது. சட்டத்தின் எழுத்து வருமுன்னரே மனிதர் கொடுக்கும் சொல் வருகிறது. அச்சொல் நில்லாவிடின் எழுத்தை எவர் நம்புவர்?

1921ஆம் ஆண்டிலே அவர் காங்கிரசை விட்டு விலகினார். அவ்வாண்டிலே தமிழர் மகாசன சபை தோன்றுவதற்குத் துணைநின்றார். 1923ஆம் ஆண்டிலே இலங்கைத் தமிழ்க் கழகத்தைத் தொடங்கிவைத்தார். தமிழர் தம் மொழியையும் பண்பையும் பேணி வளர்த்தல் வேண்டும் என்று அங்கே அறிவுறுத்தினார். அக்காலத்திலும் சிங்கள மக்களைப் பகைவர் எனக் கொண்டாரல்லர். ஒப்பந்தம் ஒப்பந்தமாக நிற்றல் வேண்டும் என்பதே அவர் முறையீடு. 1923ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்ட அடுத்த திருத்தத்திலே மேல் மாகாணத் தமிழர்க்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டது. அதன்படி 1924ஆம் ஆண்டிலே தேர்தல் நிகழ்ந்தபோது அதைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை.

ஏழைகளின் துணைவர்

அரசியல் திட்டமே அவர் முழுவாழ்வும் என்று எண்ணுதல் தவறு. 1915ஆம் ஆண்டிலே இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவிக் கொழும்பு ஏழை மக்களின் நலத்துக்கு உழைத்தார். 1919ஆம் ஆண்டிலே தொழிலாளர் நலன்புரிக் கழகமும், அடுத்த ஆண்டிலே தொழிலாளர் சம்மேளனமும் அவர் தலைமையிலே தோன்றின. அக்காலத்திலே தோட்டத் தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் சிறை செல்ல நேரும். துண்டு என்னும் கடன் சீட்டு அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறும் பொருளாக்கிற்று. இக்கொடுமைகளை எதிர்த்துப் பெரி சுந்தரம் முதலியோருடன் அவர் போராடினார். துண்டு முறை 1921ஆம் ஆண்டிலும், தொழிலாளரைச் சிறையிடும் சட்ட விதிகள் அதனையடுத்தும் நீக்கப்பட்டன. வாக்குரிமை கேட்ட வாய், வாக்கும் இல்லாத கூலியாளுக்காகவும் பேசிற்று என்பதே அவர்தம் அரசியலின் உண்மைக்குச் சான்று.

கல்வித் துறையிலே அவர் ஆற்றிய தொண்டும் பெரிது. 1906ஆம் ஆண்டிலே இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கத்தை அமைத்து, இந்நாட்டுக்கெனச் சர்வகலாசாலை வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தினார். தாய்மொழியை அறியாது ஆங்கிலம் மாத்திரம் கற்கும் கல்வியை அவர் கண்டித்தார். 1921ஆம் ஆண்டிலே கொழும்பிலே சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவே 1942ஆம் ஆண்டிலே இலங்கைச் சர்வகலாசாலையாக வளர்ந்தது.

சைவப் பற்றும் தமிழ்ப் பற்றும் அவரிடம் ஒருங்கே விளங்கின. திருவாசகப் பகுதிகளையும் தாயுமானவர் பாடல்களையும் புறநானூற்றுச் செய்யுட்கள் சிலவற்றையும் ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தார். பொலன்னறுவையிலே கிடைத்த வெண்கலத் திருவுருவங்களையும் சிவ வழிபாட்டையும்பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி அறிஞரால் மதிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜிலே நண்பரான ஆங்கில அறிஞர் எட்வேட் காப்பென்ரர், அருணாசலத்தின் அழைப்பினாலே 1890ஆம் ஆண்டிலே இலங்கை வந்து, ஞானியார் ஒருவரைக் கண்டு உபதேசம் கேட்டுத் தம் நூலிலே அதனை எழுதினார்.

இறுதியும் எச்சமும்

தென்னாட்டுத் திருத்தலங்களைத் தரிசிக்கச் சென்ற அருணாசலம் 1924ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9ஆந் திகதி மதுரையிலே சிவபதம் அடைந்தார். 1930ஆம் ஆண்டிலே கொழும்பிலே சட்டநிரூபண சபை மண்டபத்தின் முன்றிலிலே அவர்க்குச் சிலை நிறுவப்பட்டது. உயிரோடிருக்கையிலே மக்கள் பிரதிநிதியாய் அம்மண்டபத்துட் புகாதவர், சிலையாய் அதன் வாயிலிலே நிற்கின்றார். புதல்வர் சேர் அருணாசலம் மகாதேவா பிற்காலத்திலே உள்நாட்டு மந்திரியாகப் பணிபுரிந்தார்.

அவர் கேட்டவற்றுட் பல பின்னர் கைகூடின. 1924ஆம் ஆண்டுத் தேர்தலிலே சனத்தொகையில் நூற்றுக்கு நால்வரே வாக்காளர். 1931ஆம் ஆண்டிலே டொனமூர் திட்டம் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கி, இனவாரி ஆசனங்களையும் ஒழித்தது. 1947ஆம் ஆண்டிலே சோல்பரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1972, 1978ஆம் ஆண்டுகளிலே குடியரசுத் திட்டங்கள் எழுந்தன. வீடு பன்முறை இடித்துக் கட்டப்பட்டது. எனினும், பெருந்தொகையினரும் சிறுதொகையினரும் ஒருவரையொருவர் நம்பி ஒரு கூரையின் கீழ் வாழ்வது எவ்வாறு என்று 1918ஆம் ஆண்டிலே எழுந்த வினா ஒவ்வொரு திட்டத்தின் போதும் மீண்டும் எழுந்தது.

மாணவ மணிகாள்! நாளை உங்களுட் சிலர் சபைகளிலே அமரக்கூடும், சிலர் சங்கங்களை நடத்தக்கூடும், பலர் வாக்களிப்பீர்கள். அரசியல் திட்டம் திருந்த வேண்டுமாயின், எது பழுது, ஏன் பழுது, எங்ஙனம் திருத்தலாம் என்பவற்றை அருணாசலத்தைப் போல எண்ணோடும் சான்றோடும் எடுத்துரைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சங்கங்களிலே பெரும்பான்மை உங்கள் கையில் இருக்கும் நாளிலே, முன்னர்ச் சிறுபான்மையோர்க்குக் கொடுத்த சொல்லை மறவாதீர்கள். அவ்வொன்றிலே வழுவாதிருப்பதே அப்பெரியார்க்கு நாம் செய்யும் வணக்கமாகும்.